இரண்டு கிராம் பிடிவாதம்

அவருடைய கைப்பையில் எப்போதும் மூன்று பொருட்கள் இருக்கும். ஆறு அங்குல ஸ்டீல் ஸ்கேல், ஒரு பொட்டலம் வறுத்த கடலை, ஒரு கட்டு சிவப்பு டேக். கடலையைக் கேட்டால் கொடுப்பார். ஸ்கேலைக் கேட்டால் முறைப்பார். சிவப்பு டேக் மட்டும் கேட்காமலே கிடைக்கும்.

ஓசூர் சிப்காட்டில் வேலை பார்க்காதவர்களுக்காக ஒரு விளக்கம். எந்தக் கம்பெனியாக இருந்தாலும் ஒரு பாகம் அளவு தப்பியிருந்தால் குவாலிட்டி ஆள் வந்து அந்தப் பெட்டியில் சிவப்பு டேக் ஒன்றைக் கட்டிவிடுவார். என்ன குறை, யார் கட்டியது, என்ன தேதி என்று அதில் எழுதியிருக்கும். அதற்குப் பிறகு அந்தப் பெட்டியை யாரும் தொடக்கூடாது. தப்புக்குப் பொறுப்பானவர் அந்த டேக்கிலேயே என்ன சரிசெய்தேன் என்று எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். அப்புறம் கட்டியவர் வந்து தன் கையால் அவிழ்க்க வேண்டும். வேறு யாரும் அவிழ்த்தால் வேலை போகும். இருபது வருஷம் இப்படி வாழ்ந்தால் அது சட்டமாக இருக்காது, ரத்தத்தில் கலந்துவிடும்.

ஒரு நாள் என் ஸ்கூட்டரின் பின் டயரை அவர் குனிந்து பார்த்தார். ஸ்கேலை எடுத்து டயரின் பள்ளத்தில் விட்டார். ஹேண்டில் பாரில் ஒரு சிவப்பு டேக்கைக் கட்டிவிட்டுப் போய்விட்டார். நான் பேருந்தில் வீட்டுக்குப் போனேன்.

"வண்டி எங்க?" என்றாள் மனைவி. அவளும் கம்பெனிக்காரிதான், வயரிங் செக்‌ஷன்.

"டேக் கட்டிட்டாங்க."

"அப்ப சரி" என்று உள்ளே போய்விட்டாள். கல்யாணமான இத்தனை வருஷத்தில் நான் சொன்ன ஒரு காரணத்தை அவள் மறுபேச்சில்லாமல் ஏற்றுக்கொண்டது அன்றைக்குத்தான்.

எல்லோருக்கும் அவர் கியூ.சி. மேடம். ஊத்தங்கரைப் பக்கம் ஒரு கிராமம். கியர் செய்கிற கம்பெனியில் இன்ஸ்பெக்‌ஷன் வேலை. வயது நாற்பதை ஒட்டி. நாற்பத்தாறு கிலோ. இதுவும் அளந்த கணக்குதான், கம்பெனித் தராசில். நான் தொண்ணூற்றிரண்டு. "ரெண்டு நான் சேந்தா ஒரு நீங்கண்ணா" என்று ஒரு தடவை சொன்னார். அவர் அடித்த ஒரே ஜோக் அதுதான். அதிலும் கணக்கு சரியாக இருந்தது.

நாங்கள் இரண்டு பேரும் ஒரே துப்பாக்கி சுடும் சங்கத்தில் உறுப்பினர்கள். அவர் ஏன் சேர்ந்தார் என்று கேட்டபோது, "தூரத்துல இருக்கறத தொட முடியுதான்னு பாக்கத்தான்" என்றார். நான் ஏன் சேர்ந்தேன் என்றால், டாக்டர் ஏதாவது ஒரு விளையாட்டு விளையாடச் சொன்னார். படுத்துக்கொண்டே விளையாடலாம் என்று கேள்விப்பட்டேன்.

ராயக்கோட்டை போகிற வழியில் இரண்டு குன்றுகளுக்கு நடுவே எங்கள் சுடுதளம். பெரிய துப்பாக்கிகளுக்கான அறுநூறு மீட்டர் தூரம். அந்தக் கடைசியில் பள்ளம் வெட்டி, பள்ளத்துக்கு மேலே இலக்கு அட்டைகளைத் தூக்கி நிறுத்துவார்கள். துப்பாக்கி மொத்தம் ஏழு, எல்லாம் சங்கத்துச் சொத்து. அவற்றையும் தோட்டாக்களையும் பூட்டி வைக்க ஓர் இரும்புக் கதவு அறை.

அங்கே எங்களுக்கு எதிரி இலக்கு அட்டை இல்லை, காற்று. குன்றுகளின் இடுக்கில் நுழைந்து வருகிற காற்று, சந்தைக்குத் தக்காளி ஏற்றிப் போகிற லாரிகளின் தார்ப்பாயையே கிழித்துவிடும். அறுநூறு மீட்டர் போவதற்குள் தோட்டாவை அது சும்மா விடுமா?

இங்கேதான் எடை விவகாரம் வருகிறது. தோட்டாவின் முனையில் பறந்து போகிற ஈயத்தை கிரெயின் என்ற அளவில் எடை போடுவார்கள். சங்கம் வாங்குவது நூற்று ஐம்பத்தைந்து கிரெயின். நம் கணக்கில் பத்து கிராம். வெளிநாடு போய்விட்ட யாரோ ஓர் உறுப்பினர் தருவித்து விட்டுப்போன நூற்று எண்பத்தைந்து கிரெயின் பெட்டிகள் சிலவும் அலமாரியில் தூங்கிக்கொண்டிருந்தன. அது பன்னிரண்டு கிராம். லேசான தோட்டா வேகமாகக் கிளம்பும், தோளை மெதுவாகத்தான் உதைக்கும், ஆனால் காற்றுக்கு இளப்பம். கனமானது நிதானமாகக் கிளம்பும், தோளில் மாடு முட்டியது போல உதைக்கும், ஆனால் காற்றிடம் அவ்வளவு சீக்கிரம் வளையாது. பத்தை ஒரு முழம் தள்ளுகிற காற்று, பன்னிரண்டை முழத்துக்கு நாலு விரல் குறைவாகத்தான் தள்ளும். இந்த இரண்டு கிராமுக்காக எங்கள் சங்கம் ஒரு வருஷம் இரண்டாக நின்றது. ஒரு பக்கம் கியூ.சி. மேடம். இன்னொரு பக்கம் மீதிப் பேர் அத்தனையும்.

மீதிப் பேருக்குத் தலைவர் எங்கள் செயலாளர். ஒரு பெரிய கம்பெனியில் முப்பது வருஷம் புரொடக்‌ஷன் மேனேஜராக இருந்து ஓய்வு பெற்றவர். புரொடக்‌ஷன்காரருக்கும் குவாலிட்டிக்காரருக்கும் உள்ள உறவு எப்படி என்று கேட்காதீர்கள். மாமியார் மருமகளே பரவாயில்லை.

"சார், எனக்கு நூத்தி எம்பத்தஞ்சு குடுங்க" என்று மேடம் முதலில் கேட்டபோது செயலாளர் சிரித்தார்.

"ஏம்மா, நீ இருக்கற எடைக்கு அத சுட்டா நீ பின்னாடி போயி விழுவ. தோட்டா முன்னாடி போவும்."

எல்லோரும் சிரித்தோம். நான் கொஞ்சம் சத்தமாகவே சிரித்தேன்.

"என் தோளு சார். உங்களுக்கா வலிக்கப் போவுது?"

"அது மட்டும் இல்லம்மா. நம்ம துப்பாக்கி எல்லாம் பதினாலு அங்குலக் குழல். கனமான தோட்டா அதுல நிக்காது. ரிஜிஸ்தர்ல இருக்கு, பாரு."

"அளந்தீங்களா?"

இதுதான் அவருடைய வாசகம். ஒரே சொல். திட்டு இல்லை, கேலி இல்லை, குரலைக்கூட உயர்த்த மாட்டார். ஆனால் அதைக் கேட்டதும் யாராக இருந்தாலும் பள்ளிக்கூடத்தில் வீட்டுப்பாடம் எழுதாமல் வந்த முகமாகிவிடும். டீக்கடையில் "அர கிளாஸ்தான் ஊத்தினேன்" என்ற மாஸ்டரைக் கேட்டிருக்கிறார். "ரெண்டு கிலோ கொறஞ்சுட்டேன்" என்ற என்னையும் கேட்டிருக்கிறார்.

பதினாலு அங்குலம் என்றால் என்ன என்று அவர்தான் எங்களுக்குச் சொன்னார். குழலுக்குள் திருகு வெட்டியிருக்கும். அதில் மாட்டிக்கொண்டு தோட்டா பம்பரம் மாதிரிச் சுழன்றபடி வெளியேறும். சுழற்சி இருந்தால்தான் நேராகப் போகும். கனமான தோட்டா நீளமாகவும் இருப்பதால் அதற்கு வேகமான சுழற்சி வேண்டும், பத்து அங்குலத்துக்குள் ஒரு சுற்று. பதினாலு அங்குலத்துக்கு ஒரு சுற்று என்று சோம்பலாகச் சுற்றினால் நடுவழியில் தள்ளாடி, குறுக்கே படுத்துக்கொண்டு பறக்கும். இதையெல்லாம் அவர் தரையில் சாக்பீஸால் படம் போட்டு விளக்கினார். நான் அப்போது அவர் கொடுத்த கடலையில் மும்முரமாக இருந்தேன். பின்னால் நடந்ததற்கெல்லாம் அந்தக் கடலைதான் காரணம்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஏழு துப்பாக்கியையும் வரிசையாக வைத்து அளந்தார். குழலைத் துடைக்கிற நீளக் கம்பியில் துணியை இறுக்கிச் சுற்றி உள்ளே தள்ளினால், திருகோடு சேர்ந்து கம்பியும் திரும்பும். கம்பியில் ஒரு கோடு போட்டு, அந்தக் கோடு ஒரு முழுச் சுற்று வந்து மறுபடி மேலே தெரிகிற வரைக்கும் எவ்வளவு தூரம் உள்ளே போயிற்று என்று ஸ்கேல் வைத்துப் பார்த்தார். ஆறு துப்பாக்கியில் இரண்டு முழு ஸ்கேலும் இன்னொரு இரண்டு அங்குலமும். பதினாலு. கட்டை தேய்ந்துபோய் யாருமே எடுக்க விரும்பாத நாலாம் நம்பரில் மட்டும் ஒரு முழு ஸ்கேல், அப்புறம் நாலு அங்குலம். பத்து. எப்போதோ யாரோ குழலை மாற்றியிருக்கிறார்கள், ரிஜிஸ்தரில் எழுதவில்லை.

செயலாளர் அந்தக் கம்பியைத் தொடக்கூட இல்லை. "சரி, செலக்‌ஷன்ல சுட்டுக் காட்டு" என்றார். கர்நாடகாவில் ஒரு போட்டி வந்துகொண்டிருந்தது. எங்களிலிருந்து நான்கு பேர் போக வேண்டும்.

மேடம் சங்கத்தில் சேர்ந்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது. ஒவ்வொரு போட்டிக்கும் அவர் கையில் பேனாவைக் கொடுத்து மார்க் எழுத உட்கார வைப்பார்கள். கையெழுத்து நன்றாக இருக்கிறதாம். "இந்தத் தடவ மார்க்க வேற யாராச்சும் எழுதுங்க சார். நான் எடுக்கறேன்" என்றார்.

செலக்‌ஷனுக்கு முந்திய வாரங்களில் அவர் தோள் நீலமாகக் கன்றிப்போயிருந்தது. நான் கேட்டதற்கு, "நீளம் மூணு அங்குலம், அகலம் ரெண்டு" என்றார். ஆனால் அவர் அட்டையில் துளைகள் வாரா வாரம் நெருங்கிக்கொண்டே வந்தன. கடைசியில் ஒரு சாப்பாட்டுத் தட்டுக்குள் பத்தும் அடங்கின. என் பத்தை அடக்க ஒரு கதவு வேண்டும்.

எனக்குப் பொறாமை. கனமாக இருந்தால் காற்று தள்ளாது என்பதற்கு நானே நடமாடும் அத்தாட்சி. யாருக்கும் தெரியாமல் அந்த நூற்று எண்பத்தைந்தில் ஒரு பெட்டியை என் பெயரில் எடுத்துக்கொண்டேன். என் துப்பாக்கி இரண்டாம் நம்பர். அதன் குழல் பதினாலு அங்குலம் என்பது எனக்கு ஞாபகமே இல்லை. சொன்னேனே, கடலை.

செலக்‌ஷன் அன்று நானும் அவரும் பக்கத்துப் பக்கத்து இடத்தில் படுத்தோம். ஆளுக்குப் பத்து. சுட்டு முடித்ததும் பள்ளத்தில் அட்டையைப் பார்த்துக்கொள்கிற கன்னடக்காரர் போனில் முதலில் என் கணக்கைச் சொன்னார். "அண்ணா, உங்க அட்டெ காலி. ஏனூ இல்ல." யாருக்கும் ஆச்சரியமில்லை. செயலாளர் தலையைக்கூடத் திருப்பவில்லை.

அடுத்தது மேடத்தின் அட்டை. "பதினொண்ணு ஓட்டை இருக்குது சார். ஒண்ணு மட்டும் ஒரு மாதிரி. சாவி ஓட்டை மாதிரி நீளமா."

எல்லோரும் பள்ளத்துக்கு நடந்தோம். நடுவில் பத்து உருண்டைத் துளைகள். கீழே ஓரத்தில் ஒன்று நீளவாக்கில், தோட்டா பக்கவாட்டில் படுத்தபடி வந்து கிழித்த தடம்.

செயலாளரின் முகம் மலர்ந்தது. "நான் சொல்லல? கனமான தோட்டா குறுக்க படுத்துடுச்சு. இது உன்னுது. உருண்டையா இருக்கறதுல ஒண்ணு எவனோ தப்பா உன் அட்டையில சுட்டது. எந்த நேரத்துல எப்படிப் போவும்னு தெரியாத தோட்டாவ வெச்சுக்கிட்டு டீம்ல வர முடியாதும்மா."

"அது என்னுது இல்ல சார்."

மேடம் படம் போட்டது, பத்து, பதினாலு எல்லாம் இப்போது எனக்கு வரிசையாக ஞாபகம் வந்தது. வாயை மூடிக்கொண்டிருந்தால் தப்பித்துவிடலாம். மூடிக்கொண்டுதான் இருந்தேன், ஒரு நிமிஷம் போல. அந்த ஒரு நிமிஷத்தை இன்றைக்கும் நான் யாரிடமும் ஜோக்காகச் சொல்வதில்லை.

"சார், அத சுட்டது நான்தான்" என்றேன்.

எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். "யோவ், உன் அட்டையே உனக்குக் கண்ணு தெரியல, அவங்க அட்டையில போயி சுட்டியா? சும்மா இருய்யா, சீரியஸா பேசிட்டு இருக்கோம்."

ஆயுசு முழுக்க ஜோக் அடித்தவனுக்கு இதுதான் தண்டனை. உண்மையைச் சொன்னாலும் கைதட்டுகிறார்கள். மேடம் மட்டும் சிரிக்கவில்லை.

"அண்ணா, உங்க பெட்டிய காட்டுங்க."

திரும்பி நடந்து வந்து காட்டினேன். இருபதில் பத்து போக மீதி பத்து. பெட்டியின் மேல் எடை பெரிதாக அச்சடித்திருந்தது. மேடம் கம்பியைக் கொண்டுவந்தார். அதைச் செயலாளரின் கையில் கொடுத்தார். "நீங்களே தள்ளுங்க சார். நான் தொடல." செயலாளர் தள்ளினார். நாலாம் நம்பர், பத்து. என்னுடைய இரண்டாம் நம்பர், பதினாலு. மேடம் என் தோட்டாப் பெட்டியில் ஒரு சிவப்பு டேக்கைக் கட்டினார். 'குழலை அளக்காமல் எடுத்தது' என்று எழுதினார். அழகான கையெழுத்து.

மார்க் கூட்டியதில் அவர் இரண்டாவது இடம்.

"சரி, நீ டீம்ல உண்டு" என்றார் செயலாளர். "ஆனா நாலு பேரும் நூத்தி அம்பத்தஞ்சுதான்."

அவர் பக்கமும் ஒரு நியாயம் இருந்தது, சொல்லிவிடுகிறேன். டீம் போட்டியில் பின்னால் ஒருவர் தொலைநோக்கியோடு உட்கார்ந்து கொடியையும் புழுதியையும் பார்த்து, 'இடது ஆறு', 'வலது நாலு' என்று காற்றைச் சொல்வார். நாலு பேரும் அந்த அளவுக்குத் துப்பாக்கிக் குறியைத் திருப்பிக்கொண்டு சுடுவார்கள். எங்களுக்குக் காற்று சொல்கிறவர் செயலாளர்தான். ஒருத்தர் மட்டும் வேறு எடை என்றால் அவருக்கு வேறு கணக்கு.

"நீங்க ஆறுன்னா நான் அஞ்சு வெச்சுக்கறேன் சார்" என்ற மேடம், டிபன் பாக்ஸ் மூடியைத் திருப்பிக் காட்டினார். உள்பக்கம் ஒரு பட்டியல் ஒட்டியிருந்தது. அவர் ஆறு சொன்னால் இவருக்கு எவ்வளவு, நாலு சொன்னால் எவ்வளவு. மூலையில் சாம்பார்க் கறை.

"இந்தக் கணக்கெல்லாம் அங்க தப்பும்மா. முப்பது வருஷம் அளந்தவன் நான்."

"நீங்க செஞ்சீங்க சார். அளந்தது நாங்க."

செயலாளருக்குக் காது சிவந்தது. "நூத்தி அம்பத்தஞ்சுன்னா வா. இல்லன்னா உன் எடத்துல வேற ஆளு."

மேடம் போட்டிக்காக ஒதுக்கி வைத்திருந்த தோட்டா அட்டைப்பெட்டியிடம் போனார். குறுக்கும் நெடுக்குமாக நூலைச் சுற்றி முடிச்சுப் போட்டு ஒரு டேக்கைத் தொங்கவிட்டார். 'நான்கு குழலுக்கும் ஒரே எடை. அளக்காமல் எடுத்த முடிவு.' கையெழுத்து, தேதி. ஸ்கேலைப் பைக்குள் போட்டுக்கொண்டு ஸ்கூட்டியில் ஏறிப் போய்விட்டார். இரண்டு வருஷம் காத்திருந்து கிடைத்த இடம் அது. திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

அவருடைய கம்பெனிக்காரர் ஒருவர் சொல்லியிருக்கிறார். ஒரு தடவை மேடம் ஒரு லாட்டுக்கு டேக் கட்டி, லாரி நின்று, ஷிப்டே அவரைத் திட்டியிருக்கிறது. மறுபடி அளந்து பார்த்தால் சரக்கில் தப்பில்லை, அவர் அளக்கிற கேஜில்தான் ஏதோ பிசிறு. எல்லோர் முன்னாலும் டேக்கை அவிழ்த்தார். இன்னொரு டேக்கில் தன் பெயரை எழுதித் தன் நாற்காலியில் கட்டினார். சூப்பர்வைசர் கையெழுத்துப் போடும் வரைக்கும் அந்த ஷிப்ட் முழுக்க நின்றுகொண்டே வேலை பார்த்தார். அவரைப் பிடிக்காதவர்கள் பலர் உண்டு. அந்தக் கதையைச் சொன்னவரும் அவர்களில் ஒருவர்தான். சொல்லும்போது என்னவோ குரல் தாழ்ந்திருந்தது.

போட்டிக்குப் போகிற காலை வந்தது. வேன் வாசலில் நின்றது. ஆட்கள் தயார், துப்பாக்கிகள் தயார். மேடத்தின் இடத்துக்குப் போட்ட புது ஆளும் தயார். தோட்டா அட்டைப்பெட்டி மேஜைமேல் இருந்தது, சிவப்பு டேக்கோடு.

"அத அறுத்துட்டு எண்ணி எடுங்கப்பா" என்றார் செயலாளர்.

நாலு பேரும், எடுபிடியாகப் போகிற நானும் பெட்டியைச் சுற்றி நின்றோம். ஒருவர் பேனாக் கத்தியை எடுத்தார், மடக்கினார், பாக்கெட்டில் போட்டுக்கொண்டார். இன்னொருவர் செருப்பைச் சரிசெய்யக் குனிந்தவர் நிமிரவே இல்லை. புது ஆள் சொன்னார், "சார், எனக்கு இந்த சங்கத்துல அனுபவம் பத்தாது."

"இது என்னய்யா, கம்பெனியா? வெறும் அட்ட!"

"அப்ப நீங்களே அறுங்க சார்" என்றேன்.

செயலாளர் கத்தரிக்கோலை எடுத்தார். நூலுக்குக் கீழே நுழைத்தார். முப்பது வருஷம் எத்தனையோ சிவப்பு டேக்கைப் பார்த்துப் பல்லைக் கடித்தவர், ஒன்றைக்கூட அறுத்ததில்லை. அவர் கையே அவர் பேச்சைக் கேட்கவில்லை. கத்தரிக்கோலை மேஜைமேல் வைத்தார். என்னைப் பார்த்து, "போன் போடுய்யா" என்றார்.

பத்தே நிமிஷத்தில் மேடம் வந்துவிட்டார். வரும்போதே சுடுவதற்குப் போடுகிற அந்தத் தடித்த கோட்டைப் போட்டிருந்தார். எத்தனை மணியிலிருந்து போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாரோ, அதை மட்டும் யாரும் அளக்கவில்லை.

"எழுதுங்க சார்" என்று டேக்கைத் திருப்பிக் காட்டினார்.

செயலாளர் மூக்குக் கண்ணாடியைத் தேடி எடுத்து மாட்டினார். 'நான்காம் நம்பர் 185. மற்றவை 155.' கையெழுத்துப் போட்டார்.

மேடம் படித்தார். "தேதி?"

தேதியும் போட்டார். மேடம் கத்தரிக்கோலைத் தொடவே இல்லை. வேன்காரர் ஹாரன் அடிக்க அடிக்க, உட்கார்ந்து முடிச்சை நகத்தால் நிதானமாக அவிழ்த்தார். புது ஆள் தன் பையை வேனிலிருந்து இறக்கிக்கொண்டார். பெருமூச்சு விட்ட மாதிரி இருந்தது.

கோப்பையெல்லாம் வரவில்லை. அணிகளில் நாங்கள் நடுவாந்திரம். ஆனால் எங்கள் அணியின் நாலு பேரில் அதிக மார்க் மேடத்துடையது. நான் தண்ணீர் பாட்டில் தூக்கிக்கொண்டு பின்னால் உட்கார்ந்திருந்தேன். காற்று மாறி மாறி அடித்தது. செயலாளர் தொலைநோக்கியில் கண்ணை வைத்துக்கொண்டு, "இடது ஆறு!" என்று கத்தினார். அப்புறம் நாலாவதாகப் படுத்திருந்தவருக்கு மட்டும் கேட்கிற மாதிரி, "உனக்கு அஞ்சும்மா" என்றார்.

துப்பாக்கியிலிருந்து கன்னத்தை எடுக்காமலே பதில் வந்தது. "அதுக்குள்ள காத்து ஏறிடுச்சு சார். அளந்தீங்களா?"

செயலாளர் மறுபடி தொலைநோக்கியில் பார்த்தார். "இடது ஏழு!" என்று எல்லோருக்குமாகத் திருத்தினார்.

மூன்று வருஷத்துக்கு முன்னால் மேடம் வேறு மாநிலத்தில் ஒரு கம்பெனிக்கு வேலைக்குப் போய்விட்டார். போவதற்கு முன்னால் நான் கேட்டேன். "என் தோட்டாப் பெட்டியில கட்டின டேக்க அவுத்துட்டுப் போயிடுங்களேன்."

"அளந்தீங்களா?"

அளக்கவில்லை. சிரித்து மழுப்பினேன். அவர் கடலைப் பொட்டலத்தை என் கையில் வைத்துவிட்டுப் போனார்.

இப்போது சங்கத்துக்குப் புதுச் செயலாளர். நல்ல மனிதர், சுத்தக்காரர். போன மாதம் தோட்டா அறையை ஒழுங்குபடுத்தும்போது வெளுத்துப்போன டேக்கோடு அந்தப் பெட்டியைத் தூக்கிக் காட்டினார். "இது என்ன சார், பத்து தோட்டா, வருஷக்கணக்கா கெடக்குது? அறுத்துட்டு வேற கணக்குல சேத்துடலாம்" என்று கத்தரிக்கோலை எடுத்தார்.

நான் பெட்டியை அவர் கையிலிருந்து வாங்கினேன். நான் யாரிடமும் எதையும் பிடுங்கியவன் இல்லை. ஆனால் பிடுங்கியதாகத்தான் மற்றவர்கள் சொல்கிறார்கள்.

"கட்டினவங்கதான் சார் அவுக்கணும்."

"அவங்க எங்க இருக்காங்க?"

"எங்க இருந்தா என்ன சார்?"

அன்றைக்கு ஆறு அங்குல ஸ்கேல் ஒன்று வாங்கி வந்தேன். கம்பியில் துணி சுற்றி இரண்டாம் நம்பர் குழலில் நானே தள்ளிப் பார்த்தேன். இரண்டு முழு ஸ்கேல், அப்புறம் இரண்டு அங்குலம். டேக்கின் பின்பக்கம் எழுதினேன். 'அளந்துவிட்டேன். பதினாலு. தப்பு என்னுடையது.' கையெழுத்துப் போட்டேன். அலமாரியில் வைத்துப் பூட்டப் போனவன், திரும்பி வந்து தேதியும் போட்டேன்.